எட்டுக்கு மேலே ஏழு

அவர் இதுவரை ஒரு படகில்கூட உட்கார்ந்ததில்லை. நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே தலை சுற்றும். ஆனாலும் அந்த ஊர் ஆற்றில் கயாக் ஓட்டுகிற யாரும் அவர் கையைத் தாண்டாமல் தண்ணீரில் இறங்க முடியாது.

படகுக் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அவருடையது. ஒரு தையல் மெஷின், நீளமான ஒரு மேசை, இழுத்து இறக்கக்கூடிய ஒரு விளக்கு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டுகள். சங்கத்தின் சாமான்களைத் தைப்பது, சோதிப்பது, பூட்டி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். தைத்து வரும் சட்டையைத் திருப்பி, தையலை இழுத்து, குறை இருக்கும் இடத்தில் நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். குறை இல்லாத சட்டை உலகத்தில் கிடையாது, குறை கண்ணில் படாத சட்டைதான் உண்டு என்பது அவர் கட்சி. வேலையை விட்டு வரும்போது ஸ்டிக்கர் சுருள் நான்கைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். இப்போது கொட்டகைக் கதவின் கீல், மின்விசிறியின் ஒரு இறக்கை, கணவரின் செருப்பு என்று பல இடங்களில் சிவப்பு அம்பு இருக்கிறது.

சங்கத்தில் அவரை நேரில் "அக்கா" என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் "சல்லடை" என்பார்கள். அவருக்கு அது தெரியும். "சல்லடைன்னா நல்லதுதானே, உமி உங்க வாய்க்குப் போகாது" என்று ஒருமுறை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

கணவர் குழாய் வேலை பார்ப்பவர். ஊரில் பாதி வீட்டு அடைப்பு அவர் கையால் திறந்தது. நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று கயாக் பித்துப் பிடித்தது. ஒரே ஆள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் துடுப்புப் போடும் அந்த ஒல்லிப் படகில் அவர் முதன்முதலில் கவிழ்ந்து எழுந்தபோது, "இருபது வருஷமா குழாய்க்குள்ள தண்ணியைத் துரத்தினேன். இப்பதான் அது என்னைத் துரத்துது" என்று சிரித்தாராம். யாரைப் பார்த்தாலும் நம்புகிற மனுஷன். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் தனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காக வாய்த்தது என்று மனைவி சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "நாங்க ஆறு பேர் வெளிநாட்டுக்குப் போறோம். மலைக்குள்ள ஒரு ஆறு. எட்டு நாள்" என்றார்.

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. பல்டாக்டர் இன்டர்நெட்ல ஒரு வழிகாட்டியைப் பிடிச்சிருக்காரு. படகு, தங்கற இடம், வண்டி எல்லாம் அவனே பாத்துக்கறானாம்."

"எல்லாத்தையும் ஒருத்தனே பாத்துக்கிட்டா அவனை யாரு பாத்துக்கறது?"

பல்டாக்டர்தான் சங்கத்தின் தலைவர். நல்ல கைகாரர், முப்பத்தைந்து வயது, பொறுமை கொஞ்சம் கம்மி. வழிகாட்டி அனுப்பிய செய்திகளை மறுநாளே அக்காவின் அறைக்குக் கொண்டுவந்து காட்டினார். அந்த ஊர் மொழி இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் போன்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தது. எதைக் கேட்டாலும் அவன் பதில் ஒரே மாதிரி வந்தது. ஆறு எப்படி இருக்கும்? நன்றாக இருக்கும், கவலை வேண்டாம். படகு எப்படி? நல்ல படகு, கவலை வேண்டாம். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? கவலை வேண்டாம்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார்.

"ஏழு இடத்துல கவலை வேண்டாம்னு சொல்லியிருக்கான். ஒரு தடவை சொன்னா ஆறுதல். ஏழு தடவை சொன்னா என்னமோ இருக்கு."

"அக்கா, அது அவங்க ஊர் பேச்சு வழக்கா இருக்கும்."

"எங்க தொழிற்சாலையில ஒரு பொண்ணு இருந்தா. ஒவ்வொரு சட்டையையும் கொடுக்கும்போது 'நல்லா வந்திருக்குக்கா'ன்னு சொல்லிக்கிட்டே கொடுப்பா. அதுலதான் நிறைய அம்பு ஒட்டியிருக்கேன்."

அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். வெளிநாட்டு ஆற்றுக்குப் போகிறவர்களுக்கான அறிவுரை என்று அதற்குத் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. ஒன்று என்று எண் போட்டு நேரே ஆரம்பித்தார்.

ஒன்று: ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், பாவாடை மூன்றும் இங்கிருந்தே போக வேண்டும். வாடகைக்கு எடுக்கக் கூடாது. ஓட்டுபவரின் இடுப்புக்கும் படகின் வாய்க்கும் நடுவே தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் துணிக்குச் சங்கத்தில் பாவாடை என்று பேர். மீசை வைத்த ஆண்கள் "என் பாவாடையைக் காணோம்" என்று தேடுவதைக் கேட்டு யாரும் இப்போது சிரிப்பதில்லை. அந்தப் பாவாடையின் முன்னால் ஒரு பிடிவார் இருக்கும். கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். அவசரத்தில் மாட்டும்போது வார் உள்ளே மடங்கிப்போனால் ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்வார். ஆறு பாவாடைகளின் வாரிலும் கெட்டியான மஞ்சள் நாடாவை வைத்துத் தைத்தார். மடங்கினால் தூரத்தில் நிற்பவருக்கும் மஞ்சள் தெரியாது, உடனே கத்தலாம்.

இரண்டு: போனதும் வாடகைப் படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் விரிசல், கால் மிதிக்கும் கட்டையின் திருகு, இரண்டு முனையிலும் கைப்பிடி. மூன்று: காப்பீட்டுத் தாளில் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். பல்டாக்டர் வாங்கியிருந்த தாளின் ஒன்பதாம் பக்கத்தில், வேகமாக ஓடும் ஆற்றில் படகு விடுவது சேராது என்று இருந்தது. அவர் அந்த வரியில் அம்பை ஒட்டி டாக்டரின் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். வேறு தாள் வந்தது.

நான்கு: முதல் இரண்டு நாள் சுலபமான பகுதி மட்டும். ஐந்து: தண்ணீரில் இறங்குமுன் வழிகாட்டியோடு கைச்சைகைகளைப் பேசிக்கொள்ள வேண்டும், ஒன்று விடாமல். ஆறு: எந்த ஒருவர் "நான் இன்னைக்கு வரலை" என்றாலும் மற்றவர் கேலி செய்யக் கூடாது. இதை எழுதும்போது கணவரைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

ஏழாவதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. வழிகாட்டியின் வார்த்தை எதுவும் வேண்டாம், தினமும் காலையில் ஆற்றின் அளவு மட்டும் வர வேண்டும்.

சங்கத்தில் எல்லாமே அளவுதான். ஊர்ப் பாலத்தின் தூணில் வெள்ளைப் பெயின்ட்டில் மீட்டர் கணக்கு எழுதியிருக்கிறது. எண் ஏறினால் தண்ணீர் ஏறியிருக்கிறது. கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் விதி: ஒன்றுக்குக் கீழே புதியவர்கள். ஒன்று முதல் ஒன்றரை வரை பழகியவர்கள். அதற்கு மேலே, கொட்டகைக்குப் பூட்டு. ஆற்றைப் பார்த்து "பரவாயில்ல, போலாம்" என்று சொல்கிற ஆளுக்கு அங்கே மரியாதை கிடையாது. கண் ஏமாற்றும், தூண் ஏமாற்றாது.

"நல்லா இருக்கு, அருமையா இருக்குன்னு அவன் சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார் டாக்டரிடம். "ஆத்துல அளவுப் பலகை இருக்கான்னு கேளுங்க. இருந்தா, தினம் காலையில அதைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க. எண் தெரியற மாதிரி, கிட்டப் போய். கதை வேண்டாம். எண் மட்டும் போதும்."

டாக்டர் தட்டினார். போன் மொழிபெயர்த்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பாலத்தில் பலகை இருக்கிறது. தினமும் அனுப்புகிறேன். விளக்கமும் சேர்த்து எழுதட்டுமா?

"வேண்டாம்னு சொல்லுங்க."

டாக்டர் "வேண்டாம்" என்று தட்டினார்.

எட்டாவது வண்டிக்காரரைப் பற்றியது. படகுகளை ஏற்றி இறக்கும் அந்த ஆள் வழிகாட்டியின் சொந்தமா, கூலிக்கு வருபவரா? அவர் போன் எண் என்ன? "வழிகாட்டி ஓடிப்போனா யாரைக் கேக்கறது?" என்றார். அதோடு விடவில்லை. வண்டிக்காரர் போனில் தன் எண்ணைக் கணவரின் படத்தோடு பதிந்துவைக்க வேண்டும் என்றார்.

"என் படம் எதுக்கு?" என்றார் கணவர்.

"நான் கூப்பிட்டா அந்தாளுக்கு என் பேச்சு புரியுமா? உங்க மூஞ்சி தெரியும். போனை மூஞ்சிக்குச் சொந்தக்காரர்கிட்ட கொடுப்பாரு."

ஒன்பது: வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் உடனே நம்பக் கூடாது. தங்கும் இடம் அவன் மைத்துனனுடையது. ஒரு நாள் நீண்டால் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டும். இப்படியே பட்டியல் பன்னிரண்டு வரை போனது.

புறப்படும் அன்று காலை சாமான்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்துக் கணவரையே தரையிலிருந்து தூக்கப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் வீசு கயிற்றைப் பையிலிருந்து முழுவதும் உருவி, முடிச்சு இல்லை என்று உறுதி செய்து திரும்பத் திணித்தார். விசில்களை ஆளுக்கொரு முறை ஊத வைத்தார். கடைசியில் கணவரின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, தாடைவாரை இறுக்கி, நெற்றிப் பக்கம் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார்.

"ஏன், ஹெல்மெட்ல என்ன குறை?"

"ஹெல்மெட்ல குறை இல்ல. அம்பு உள்ள காட்டுது."

பின்னால் நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

போன மறுநாளிலிருந்து படங்கள் வந்தன. காலை ஏழு மணிக்கு வழிகாட்டி அனுப்புவான். டாக்டர் அதைச் சங்கத்துக் குழுவுக்குத் தள்ளிவிடுவார். ஒரு நீல இரும்புப் பலகையில் வெள்ளைக் கோடுகள், நடுவில் தண்ணீர் தொடும் இடம், பக்கத்தில் எண். முதல் நாள் ஒன்று புள்ளி ஏழு. அவர் நோட்டில் தேதி, எண், வானிலை மூன்றையும் எழுதினார். ஒன்று புள்ளி ஏழு என்றால் இங்கே பூட்டு. சாயங்காலம் கணவர் கூப்பிட்டார்.

"பயந்துட்டியா? இங்க ஒன்னே முக்காலுக்கே ஆறு பூனைக்குட்டி மாதிரி இருக்கு. கீழ்ப்பகுதி முழுக்கப் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தோம்."

"வழிகாட்டி எப்படி?"

"தங்கமான பையன்."

"தங்கமா இருக்கறதுக்கு என்ன காரணமாம்?"

"போனை வெச்சுடறேன்."

இரண்டாம் நாள் ஒன்று புள்ளி ஆறு. அன்றும் சுலபம். டாக்டர் குழுவில் எழுதினார்: நம் ஊரில் பூட்டுப் போடும் அளவில் இங்கே நம்மவர்கள் விளையாடுகிறார்கள். கீழே ஏழெட்டுக் கைதட்டல்கள். அவர் மட்டும் கைதட்டவில்லை. இவ்வளவு பெரிய எண்ணில் இவ்வளவு சின்ன ஆறா? ஆறு அகலமாக இருக்கும், எண் பெரிதாக இருந்தாலும் வேகம் இருக்காது என்று டாக்டர் விளக்கம் கொடுத்தார். விளக்கம் உடனே கிடைத்துவிட்டதே என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டே தூங்கப் போனார்.

அன்று மத்தியானத்திலிருந்து அங்கே மழை. மூன்றாம் நாள் காலைப் படம் வந்தது. பூஜ்யம் புள்ளி எட்டு.

அவர் ஒரு கிழிந்த பாவாடையை மெஷினில் வைத்து ஊசியை இறக்கியிருந்த நேரத்தில் கணவரின் குரல் செய்தி வந்தது. வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது.

"இன்னைக்கு மேல்பகுதிக்குப் போறோம்மா, பாறைகளுக்கு நடுவுல போற பகுதி. உன் சல்லடைக்கு ஒரு கும்பிடு! அந்தப் பையன் காலையில வந்து 'இன்னைக்கு வேண்டாம், ஆறு பெருசு, நாளைக்கு'ன்னான். எண்ணோ முக்காலும் சொச்சமும். நம்ம ஊர்ல அந்த எண்ணுக்குப் பச்சைப் பிள்ளைங்க போகும். உன் ஒன்பதாவது நம்பரை டாக்டர் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாரு. பையனுக்குக் கோபம் வந்துடுச்சு. வேடிக்கை என்னன்னா, 'எண்ணைப் பாருங்க, எண்ணைப் பாருங்க'ன்னு அவனே அந்தப் படத்தைக் காட்டிக் கத்தறான். நாங்களும் அதே படத்தைத்தான் காட்டறோம். தன் பொய்க்குத் தானே சாட்சி கொண்டாறான் பாரேன். நாங்க வண்டிக்காரரோட கிளம்பிட்டோம்."

அவர் முதலில் திருப்திதான் பட்டார். பார்த்தாயா, மைத்துனன் வீட்டில் ஒரு நாள் நீட்டப் பார்த்தான் என்று தோன்றியது. நோட்டை எடுத்து எண்ணை எழுதினார். வானிலைக் கட்டத்தில் "மழை, நேற்று மத்தியானம் முதல்" என்று எழுதியதும் பேனா நின்றது.

ஒரு ராத்திரி முழுக்க மழை பெய்த பிறகு ஆறு எப்படிப் பாதியாகக் குறையும்?

கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார். பழைய படத்தை அனுப்பியிருக்கிறான். சோம்பேறி, மழையில் பாலத்துக்குப் போகாமல் எப்போதோ எடுத்ததைத் தள்ளிவிட்டிருக்கிறான். அவனைப் பிடிக்க வேண்டும் என்றே படத்தை விரலால் விரித்தார். பலகையில் மழைத்துளிகள் இருந்தன. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் இருந்தது. படம் புதிதுதான்.

இங்கேதான் அவருக்குள் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. குறைத் தையல் போட்டவர்கள் அந்தத் தையலை உள்பக்கமாக மடித்துக் கொடுப்பார்கள். விரித்துக் காட்டிக் கத்த மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூடத் தன் குறையைத் தானே தூக்கிக் காட்டி "பாருங்க, பாருங்க" என்று சண்டை போட்டதில்லை. தையலை விரித்துக் காட்டிச் சண்டை போட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு முறையும் தையல் சரியாக இருந்தது. அம்பு ஒட்டியவர்தான் அளவுத் தாளைத் தலைகீழாக வைத்துப் பார்த்திருந்தார்.

படத்தை இன்னும் விரித்தார். தண்ணீர் தொடும் இடத்தில் எட்டு. அதற்கு மேலே, தண்ணீருக்கு வெளியே தெரிந்த பலகையில், அடுத்த எண்.

ஏழு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஏழுதான். அதற்கு மேலே பாதி வெட்டுப்பட்டு ஆறு. நேற்றைய படத்தைத் தேடினார். தண்ணீர் ஒன்று புள்ளி ஆறில். அதற்கு மேலே ஒன்று புள்ளி ஐந்து. மூன்று நாளாகத் தினமும் பார்த்த படம். தேதி சரியா, நிழல் சரியா, திருட்டுத்தனம் எதுவும் உண்டா என்றெல்லாம் பார்த்தவர், எட்டுக்கு மேலே என்ன எண் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்த ஊரில் பாலத்தின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறார்கள். எண் குறைந்தால் தண்ணீர் பாலத்தை நெருங்குகிறது.

ஒன்று புள்ளி ஆறிலிருந்து பூஜ்யம் புள்ளி எட்டு. ஒரே ராத்திரியில் ஆறு இடுப்பளவு ஏறியிருக்கிறது. அவர் கணவர் அதைப் பச்சைப் பிள்ளைகளின் ஆறு என்று நினைத்து இறங்கப் போகிறார்.

கணவர் எண்ணுக்குக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் எண்ணும் அப்படியே. தண்ணீரில் இறங்குமுன் போன்களை அணைத்து ஈரம் புகாத பையில் போட்டுவிட வேண்டும் என்பது அவரே எழுதிய பதினோராவது விதி. வழிகாட்டியைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. கோபமாக இருப்பான். இருக்காதா பின்னே.

மீதி இருந்தது வண்டிக்காரர்.

ஒருமுறை மணி அடித்து நின்றது. இரண்டாம் முறை எடுத்தார்கள். ஒரு முரட்டுக் குரல் அவருக்குப் புரியாத ஏதோ சொன்னது. அவர், "அவர்கிட்ட கொடுங்க, அந்தப் படத்துல இருக்கறவர்கிட்ட" என்று தன் மொழியிலேயே கத்தினார். எதிர்முனையில் சரளைக் கல் மேல் நடக்கும் சத்தம். பின்னால் இரைச்சல். முதலில் அது மழை என்று நினைத்தார். மழையில்லை.

"என்னம்மா, இந்த நேரத்துல?" கணவர் குரல்.

"இறங்கிட்டீங்களா?"

"ஒரு கால் படகுல, ஒரு கால் கரையில."

"படகுல இருக்கற காலை வெளிய எடுங்க."

"ஏய், எல்லாரும் பாவாடை மாட்டி உக்காந்தாச்சு. எனக்காகத்தான் நிக்கறாங்க. உனக்கு அந்தப் பையன் மேல சந்தேகம்னா..."

"அந்தப் பையன் மேல இல்ல. நம்ம மேல. உங்க போனை எடுங்க. காலைல வந்த படத்தை விரிங்க."

"பை கட்டியாச்சு."

"அவுருங்க."

முனகினார். பை அவிழும் சத்தம் கேட்டது. டாக்டரின் குரல் தூரத்திலிருந்து, "என்னண்ணே, அக்கா என்ன சொல்றாங்க? புது நம்பர் பதிமூணா?" என்றது. யாரோ சிரித்தார்கள்.

"விரிச்சுட்டேன். முக்காலும் சொச்சமும். எட்டு. சரியா?"

"எட்டுக்கு மேல என்ன நம்பர்?"

"எட்டுக்கு மேல... ஏழு."

"நம்ம ஊர்ப் பாலத்துல எட்டுக்கு மேல என்ன?"

இரைச்சல் மட்டும் வந்தது. அவர் ஒரு கையால் தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது நகரவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கணவர் போனை வாயிலிருந்து தள்ளிவைத்துக் கத்துவது கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி மனைவி கேட்டதில்லை. "டாக்டர்! வெளிய வாங்க! எல்லாரும் வெளிய! வாரை இழுங்க, வெளிய வாங்க!"

டாக்டர் லேசில் வரவில்லை. இங்கே ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது, பலகையில் யாராவது தப்பாக எழுதியிருப்பார்கள் என்று வாதாடினாராம். படகு இறக்கும் அந்த இடத்தில் ஆறு அகலம், வேகம் தெரியாது. கணவர் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரின் படகு முனையைப் பிடித்து, ஆளோடு சேர்த்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். குழாய்க்காரரின் கை. பிறகு வண்டிக்காரர் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு வளைவு தள்ளியிருந்த பாலத்துக்குப் போனார்.

அந்த முக்கால் மணி நேரம் அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கேட்டார்களா, இல்லை கணவரைச் சமாதானப்படுத்தி இறங்கிவிட்டார்களா என்று தெரியாது. எதிரே நோட்டு திறந்திருந்தது. ஒன்பதாவது வரி அவர் கையெழுத்தில், நல்ல குண்டு எழுத்தில், பளிச்சென்று இருந்தது.

போன் அடித்தது.

"பாலத்து மேல நிக்கறோம்" என்றார் கணவர். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "சைபர் மேல இருக்கும்மா. கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழ."

"தண்ணி?"

"எட்டும் இல்ல இப்ப. அஞ்சு." கொஞ்சம் நிறுத்தினார். "டாக்டர் முன்னாடி ஒரு படம் காட்டினாரே, மேல்பகுதிக்கு நடுவுல வீடு மாதிரி ஒரு பாறை, அதைச் சுத்திக்கிட்டுப் போகணும்னு. அந்தப் பாறை இல்ல. அது இருக்கற இடத்துல தண்ணி குழிஞ்சு திரும்பி வருது. இப்ப ஒரு முழு மரம் அதுக்குள்ள போச்சு. வெளிய வருதான்னு எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்கறோம்."

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

அவர் போனை வைக்காமலே இருந்தார். கணவரும் வைக்கவில்லை. இருவரும் ஒரே மரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவர் வழிகாட்டிக்கு முதல்முறையாக நேரே ஒரு செய்தி அனுப்பினார். நீங்கள் சொன்னது சரி, எண் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதி, போனிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார். மொழிபெயர்ப்பை நம்பாமல், அதையே திரும்பத் தன் மொழிக்கு மாற்றிப் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். பதில் உடனே வந்தது. கவலை வேண்டாம்.

அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு செய்தி அனுப்பினார். நாளை முதல் எண்ணோடு உங்கள் விளக்கமும் வேண்டும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் காலை வந்த செய்தி ஒரு பக்கத்துக்கு இருந்தது. எந்தப் பாறை மூழ்கியிருக்கிறது, எந்தக் கரையில் ஏற இடமிருக்கிறது, மழை நின்றால் ஆறு இறங்க எத்தனை மணி நேரமாகும், யார் யார் எந்த இடத்தில் இறங்கி நடந்து வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். அவர் அதை இரண்டு முறை படித்தார். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

ஆறு பேரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள். மேல்பகுதிக்குக் கடைசிவரை போகவில்லை. டாக்டர் இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் வந்து, வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்றார். அதுவரை அவர் அந்த அறைக்குள் கேட்டுக்கொண்டு வந்ததே இல்லை. கொட்டகைச் சுவரில் அந்த மூன்று விதிகளுக்கும் மேலே நான்காவதாக ஒன்றை எழுத வேண்டும், என்ன எழுதட்டும் என்று கேட்டார். அவர் யோசிக்காமலே சொன்னார்: "சைபர் எங்க இருக்குன்னு கேளு." அப்படியே எழுதினார்கள். சல்லடை என்ற பேர் போய், இப்போது பின்னால் "சைபர் அக்கா" என்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்த அன்று கணவர் ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். நெற்றியில் சிவப்பு அம்பு அப்படியே இருந்தது, நனைந்து ஓரம் சுருண்டு. அவர் வழக்கம்போலத் தாடைவாரை இழுத்துப் பார்த்தார், பஞ்சை அமுக்கிப் பார்த்தார். கணவர் ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு புது அம்பைக் கிழித்தார். திறந்திருந்த நோட்டை இழுத்து, ஒன்பதாவது வரிக்கு நேரே ஒட்டினார். வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் உடனே நம்பக் கூடாது.

அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். கோபப்படுவார் என்று கணவர் எதிர்பார்த்தார்.

"தப்பான இடத்துல ஒட்டியிருக்கீங்க."

"பின்ன எங்க?"

"ரெண்டு வரி மேல."

கணவர் நகத்தால் அம்பைப் பிரித்தெடுத்து, ஏழாவது வரியில் ஒட்டினார். கதை வேண்டாம், எண் மட்டும் போதும். அவர் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று.